அரவேணு ஏற்றத்தில் ஒரு டர்போ

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டரில். நடுவே 33 கிலோமீட்டர் மலைப்பாதை. அந்தப் பாதையில், கோத்தகிரியைத் தொடச் சில கிலோமீட்டர் இருக்கும்போது வருகிற ஊர் அரவேணு. உரமூட்டை, சிமென்ட், அரிசி என்று கீழேயிருந்து லோடு ஏற்றி வரும் பிக்கப் வண்டிகள் இந்த உயரத்துக்கு வரும்போது இழுவை குறைந்து, கரும்புகை கக்கி, இரண்டாவது கியரில் முக்கிக்கொண்டு போவதைச் சாலையோரம் நின்றே பார்க்கலாம். டர்போவைப் பெரிதாக மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா என்று வண்டிக்காரர் யோசிக்கத் தொடங்குவது அப்போதுதான்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலை வண்டிக்கு வேண்டியது பெரிய டர்போ அல்ல, குறைந்த சுழற்சியிலேயே காற்றைக் கொடுக்கும் அளவான டர்போ. அந்த டர்போ ஒழுங்காக வேலை செய்வதும் அதைச் சுற்றியுள்ள குழாய், ஆயில், குளிர்விப்பு, கிளட்ச் எல்லாவற்றையும் பொறுத்தது. காரணம் காற்றில் இருக்கிறது.

கடல்மட்டத்தில் சராசரிக் காற்றழுத்தம் 1,013 ஹெக்டோபாஸ்கல். மேட்டுப்பாளையத்தில் அது 975 அளவுக்கு இருக்கும். 1,800 மீட்டரில் 815. ஊட்டியின் 2,240 மீட்டரில் 772. வெப்பநிலை ஒன்றே என்று வைத்துக்கொண்டால், மேட்டுப்பாளையத்தில் இன்ஜின் ஒரு தடவை உள்ளிழுக்கும் காற்றில் இருந்த ஆக்சிஜனில் 16 சதவீதம் 1,800 மீட்டரில் காணாமல் போயிருக்கும். மலைக்குளிர் கொஞ்சம் ஈடுகட்டும், ஏனென்றால் குளிர்ந்த காற்று அடர்த்தியானது. கீழே 32 டிகிரி செல்சியஸ், மேலே 20 டிகிரி என்று கணக்கிட்டால், ஒரு கனமீட்டர் காற்றின் எடை 1.11 கிலோவிலிருந்து 0.97 கிலோவாக இறங்குகிறது. அப்படியும் 13 சதவீதம் இழப்பு.

டீசல் இன்ஜினில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கூடுவது டீசல். காற்று கிடைத்தபடிதான் வரும். ஒரு கிலோ டீசல் முழுதாக எரிய வேதியியல் கணக்குப்படி 14.5 கிலோ காற்று வேண்டும். நடைமுறையில் சிலிண்டருக்குள் டீசலும் காற்றும் அவ்வளவு நேர்த்தியாகக் கலக்காததால், 18 அல்லது 20 கிலோவுக்குக் கீழே போனாலே எரியாத கார்பன் கரும்புகையாக வெளியே வரத் தொடங்கும். அரவேணு ஏற்றத்தில் நாம் பார்க்கும் புகை வண்டியின் பலத்துக்கு அடையாளமல்ல. காசு கொடுத்து வாங்கிய டீசல் வேலை செய்யாமல் வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

2005-இல் வந்த முதல் டாடா ஏஸ் வண்டியில் டர்போ கிடையாது. இரண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைத்திறன். அதே 16 சதவீதத்தைக் கழித்தால் 1,800 மீட்டரில் மிஞ்சுவது 13 சொச்சம்தான். ஓசூரில் தயாராகி 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றரை லிட்டர் மூன்று சிலிண்டர் இன்ஜினோடும் டர்போவோடும் வந்தது. பொலேரோ பிக்கப்பின் இரண்டரை லிட்டர் இன்ஜினும் டர்போ உள்ளதுதான். மலையில் இந்த வண்டிகள் எடுபட்டதற்கு இன்ஜினின் அளவு மட்டும் காரணமல்ல, டர்போவும்தான்.

டர்போ பிறந்ததற்கு மலை காரணமில்லை என்றாலும், அதன் மதிப்பு தெரிந்தது மலையில்தான். சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரட் பூஹி, வெளியேறும் புகையின் ஆற்றலைக் கொண்டே உள்ளே போகும் காற்றை அழுத்தலாம் என்று 1905-இல் காப்புரிமை பெற்றார். 1918-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர் சான்ஃபோர்ட் மாஸ், 'லிபர்ட்டி' என்ற விமான இன்ஜினை ஒரு டிரக்கில் ஏற்றி, 4,300 மீட்டர் உயரமுள்ள பைக்ஸ் பீக் சிகரத்துக்கே கொண்டுபோனார். கீழே 350 குதிரைத்திறன் தந்த இன்ஜின் உச்சியில் 230 தான் தந்தது. டர்போவை இணைத்ததும் 356. மெல்லிய காற்று பறித்ததை டர்போ திருப்பித் தரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை வேண்டியதில்லை. பிறகு 1938-இல் டர்போ பொருத்திய டிரக் இன்ஜினைச் செய்தது சுவிஸ் நிறுவனமான சாவ்ரர். தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட டர்போ எனர்ஜி நிறுவனம் 1982-இல் தொடங்கி, இந்திய வண்டிகளுக்கு டர்போ செய்து வருகிறது.

டர்போவின் அமைப்பு எளிது. ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள். சைலன்சரை நோக்கிப் போகும் சூடான புகை ஒரு பக்கச் சக்கரமான டர்பைனைச் சுழற்றுகிறது. மறுபக்கச் சக்கரமான கம்ப்ரசர் வெளிக்காற்றை இழுத்து அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளுகிறது. சிறிய வண்டிகளில் தண்டின் வேகம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளைச் சாதாரணமாகத் தாண்டும். தண்டைத் தாங்குவது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே.

மலையில் டர்போவுக்கு இயற்கையாகவே ஒரு உதவி கிடைக்கிறது. வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதால், டர்பைனைத் தாண்டி வெளியேறும் புகைக்கு எதிர்ப்பும் குறைவு. டர்பைனுக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்த விகிதம் கூடும்போது தண்டு இன்னும் வேகமாகச் சுற்றும், இழந்த காற்றில் ஒரு பகுதி தானாகவே திரும்பும். ஆனால் பழைய வண்டிகளில் இந்த உதவி முழுதாகப் பயன்படுவதில்லை. அவற்றின் வேஸ்ட்கேட் ஸ்பிரிங் பலத்தில் இயங்குவது. வெளிக்காற்றைவிட இவ்வளவு பார் கூடுதல் என்ற அளவை எட்டியதும் அது திறந்துகொண்டு புகையை டர்பைனைச் சுற்றித் திருப்பிவிடும். ஒரு பார் கூடுதலில் திறக்கும் வேஸ்ட்கேட் என்றால், மேட்டுப்பாளையத்தில் இன்ஜினுக்குக் கிடைக்கும் மொத்த அழுத்தம் 1.975 பார், 1,800 மீட்டரில் 1.815 பார். டர்போ இல்லாத இன்ஜின் 16 சதவீதம் இழக்கும் இடத்தில் இது 8 சதவீதம் இழக்கிறது. கணினிக் கட்டுப்பாடுள்ள காமன் ரெயில் வண்டிகளில் வெளிக்காற்றின் அழுத்தத்தை அளக்கும் சென்சார் உண்டு. வண்டியின் கணினியான ஈ.சி.யூ. அதைப் பார்த்து டர்போவை இன்னும் கொஞ்சம் உழைக்கவிடும், அதன் எல்லை வந்ததும் டீசலைக் குறைக்கும். ஏற்றத்தில் வண்டி தானாகவே அடங்கிப்போவதுபோலத் தெரிவது பல நேரம் பழுதல்ல, இந்தப் பாதுகாப்புதான்.

மலைக்கு டர்போ தேர்ந்தெடுப்பவர் அறிய வேண்டிய முக்கியமான எண் அழுத்த விகிதம். வெளியேறும் காற்றின் அழுத்தத்தை உள்ளே வரும் காற்றின் அழுத்தத்தால் வகுத்தால் அது கிடைக்கும். இரண்டரை லிட்டர் இன்ஜின் ஒன்றுக்கு மொத்தம் 2 பார் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையத்தில் விகிதம் 2.05, 1,800 மீட்டரில் 2.45, ஊட்டியில் 2.59. இன்ஜினுக்குக் கிடைப்பது அதே 2 பார்தான், ஆனால் டர்போ செய்யும் வேலை கூடிக்கொண்டே போகிறது. வேலை கூடினால் சூடும் கூடும். 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசர், 32 டிகிரிக் காற்றைக் கீழே அழுத்தி வெளியே விடும்போது ஏறத்தாழ 131 டிகிரி. மேலே 20 டிகிரிக் காற்றையே எடுத்துக்கொண்டாலும் வெளியே வருவது 142 டிகிரி. மலைக்குளிரில் நின்றுகொண்டு பார்த்தால் நம்பக் கடினம், ஆனால் கணக்கு அப்படித்தான்.

இதோடு காற்றின் கன அளவும் மாறுகிறது. இந்த இன்ஜின் 2,000 சுற்றில் நிமிடத்துக்குச் சுமார் 4.6 கிலோ காற்றை எடுத்துக்கொள்ளும். அந்த எடைக்குக் கீழே 4.1 கனமீட்டர் போதும், மேலே 4.75 கனமீட்டர் இழுத்தாக வேண்டும். டர்போ செய்பவர்கள் ஒவ்வொரு கம்ப்ரசருக்கும் ஒரு வரைபடம் தருகிறார்கள். கிடை அச்சில் காற்றின் ஓட்டம், நெடு அச்சில் அழுத்த விகிதம், நடுவில் திறன் மிகுந்த பகுதி. இடது எல்லையைத் தாண்டினால் காற்று பின்னோக்கிப் புரண்டு டர்போ அதிரும், அதற்கு சர்ஜ் என்று பெயர். வலது எல்லையில் சக்கரம் திணறும், மேலே போகப் போகத் தண்டின் வேகம் ஆபத்தான அளவை நெருங்கும். ஒரே வண்டி, ஒரே லோடு, மேட்டுப்பாளையத்திலிருந்து அரவேணுவுக்கு ஏறும்போது வரைபடத்தில் அதன் புள்ளி மேலேயும் வலப்பக்கமும் நகர்கிறது. சமவெளியில் நடுப்பகுதியில் நின்ற டர்போ மலையில் விளிம்பில் நிற்கலாம்.

அப்படியானால் பெரிய டர்போதானே விடை என்று தோன்றும். இல்லை என்று சொல்ல ஏற்றத்தின் கணக்கையும் பார்க்க வேண்டும். லோடோடு 3 டன் எடையுள்ள வண்டி, 8 சதவீதச் சரிவில், மணிக்கு 30 கிலோமீட்டரில் ஏறச் சக்கரத்தில் தேவைப்படுவது 30 குதிரைத்திறன்தான். 33 கிலோமீட்டர் முழுவதற்கும் சராசரிச் சரிவு 4.5 சதவீதத்துக்குள். அந்தச் சராசரிச் சரிவுக்கு 20 போதும். எந்த டர்போ பிக்கப்பிடமும் இந்தத் திறன் இருக்கிறது. அது எந்தச் சுழற்சியில் கிடைக்கிறது என்பதுதான் சிக்கல். கொண்டை ஊசி வளைவில் வண்டி ஊர்ந்து திரும்பி நிமிரும்போது இன்ஜின் 1,200 சுற்றுக்கு இறங்கியிருக்கும். அங்கே புகையின் ஓட்டமே குறைவு. பெரிய டர்பைனைச் சுழற்ற அது போதாது. டிரைவர் மிதிப்பார், டீசல் கூடும், காற்று வராது, புகை வரும். காற்று வருவதற்குள் இன்ஜின் அணைந்துகூடப் போகலாம். பெரிய கம்ப்ரசர் என்றால் குறைந்த ஓட்டத்தில் சர்ஜ் எல்லையும் அருகில் வந்துவிடும். சமவெளி நெடுஞ்சாலையில் 3,500 சுற்றில் பாய்ச்சல் காட்டும் டர்போ இங்கே சுமையாகிவிடும்.

அதனால் இந்தப் பாதைக்கு டர்பைன் வீடு சிறிதாக, 1,500 சுற்றுக்கு முன்பே அழுத்தம் தரத் தொடங்குவதாக இருக்க வேண்டும். கம்ப்ரசர் வரைபடத்தில் 2.6 விகிதம் வரை திறன் குறையாமலும் இருக்க வேண்டும். இரண்டையும் ஒருங்கே தருவதில் முன்னே நிற்பது இதழ்களின் கோணத்தை மாற்றிக்கொள்ளும் வி.ஜி.டி. வகை. குறைந்த சுழற்சியில் இதழ்கள் நெருங்கிச் சிறிய டர்பைனாகவும், சுழற்சி கூடும்போது விரிந்து பெரிய டர்பைனாகவும் அது வேலை செய்கிறது. விலை அதிகம். மோசமாக எரிந்த டீசலின் கரி இதழ்களுக்கிடையே படிந்தால் அவை இறுகியும் போகும். ஆனாலும் புதிதாகப் பிக்கப் வாங்கும் மலைக்காரருக்கு, உச்சக் குதிரைத்திறனைப் பார்க்காமல் எத்தனை சுற்றில் முழு இழுவை கிடைக்கிறது என்று பார்த்து வாங்கும்படிதான் சொல்வேன். டர்போவைத் தேர்ந்தெடுக்க மிகச் சரியான நேரம் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் நேரம்.

சட்டத்தையும் சேர்த்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் நிறுவனம் தந்த மூல வடிவத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே ஆண்டின் திருத்தச் சட்டத்தில், உரிமையாளர் அனுமதியின்றிச் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வந்தது. 2020 ஏப்ரல் முதல் வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிகளில் டர்போவும் புகைவடிகட்டியும் ஈ.சி.யூ.வும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவை ஒத்துழைக்காது. பழுதான டர்போவுக்குப் பதில் அதே பார்ட் எண்ணுள்ள டர்போ போடுவது பராமரிப்பு, அதற்குத் தடையில்லை. மாற்றம் செய்ய நினைப்பவர் முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் கேட்டுக்கொள்ளட்டும்.

சந்தையில் கிடைக்கும் டியூனிங் பாக்ஸ்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசல் குழாயான ரெயிலில் அழுத்தம் குறைவாக இருப்பதாக ஈ.சி.யூ.வுக்குப் பொய்த் தகவல் கொடுத்து, அழுத்தத்தைக் கூட்டவைத்து, அதிக டீசல் தெளிக்க வைப்பது அவற்றில் ஒரு வகை. பழைய வண்டிகளில் பம்ப்பைக் கூட்டி வைப்பார்களே, அதன் மின்னணு வடிவம். சமவெளியில் கொஞ்சம் உபரிக் காற்று இருப்பதால் இழுவை கூடும். மலையில் அந்த உபரி இல்லை. கூடுதல் டீசல் புகையாகவும் சூடாகவும் மாறும். டர்பைனுக்கு முன் புகையின் வெப்பம் 700 டிகிரியைத் தாண்டி நீண்ட நேரம் நின்றால் அலுமினியப் பிஸ்டனுக்கு ஆபத்து. அரவேணு ஏற்றத்தில் முழு மிதியில் நிற்பது சில நொடிகள் அல்ல, பல நிமிடங்கள். வெப்பத்தைக் காட்டும் பைரோமீட்டர் இல்லாமல் டீசலைக் கூட்டுவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

இழுவை இல்லை என்று வரும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டியவை மலிவானவை. ஏர் ஃபில்டர் அடைத்திருந்தால், ஏற்கெனவே மெலிந்த காற்று இன்னும் மெலியும், அழுத்த விகிதம் இன்னும் உயரும். டர்போவின் காற்றை இன்ஜினுக்குக் கொண்டுபோகும் பூஸ்ட் ஹோஸில் கீறலோ கிளாம்ப் தளர்வோ இருந்தால் விளைவு மோசம். ஹோஸிலிருந்து காற்று கசியும்போது வேண்டிய அழுத்தம் எட்டாது, வேஸ்ட்கேட் திறக்காது, தண்டு மேலும் மேலும் வேகமெடுக்கும். சமவெளியில் ஒரு சிறிய ஓட்டை இழுவையைக் குறைப்பதோடு நின்றுவிடும். உயரத்தில் அதே ஓட்டை தண்டை எல்லை மீறி ஓடவைத்து டர்போவையே கொல்லலாம். சோப்புத் தண்ணீரும் கொஞ்சம் அழுத்தக் காற்றும் போதும், கசிவைக் கண்டுபிடிக்க.

அடுத்தது இன்டர்கூலர். 142 டிகிரிக் காற்றை 60 டிகிரிக்குக் கொண்டுவருவது அதன் வேலை. வண்டி 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது அதன் மீது படும் காற்று சொற்பம். சேறும் இலைத்தூசியும் படிந்திருந்தால் அதுவும் இல்லை. மேம்படுத்தச் செலவழிக்க விரும்புபவருக்கு, இன்டர்கூலரைச் சுத்தம் செய்வதும் ரேடியேட்டர் விசிறியின் கிளட்ச் சரியாகப் பிடிக்கிறதா என்று பார்ப்பதும் கண்கூடான பலன் தரும். 1,800 மீட்டரில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி பிடித்து வைக்கும் அழுத்தம்தான் அந்த எல்லையை 110 டிகிரிக்கு மேலே தள்ளுகிறது. மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் சமவெளியில் தப்பிக்கும் வண்டி மலையில் கொதித்து நிற்கும்.

ஆயிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் டர்போக்கள் சாவது பெரும்பாலும் அங்கேதான். ஏற்றம் ஏறி வந்த வண்டியை நிறுத்தியவுடன் சாவியைத் திருப்பினால், ஆயில் ஓட்டம் நின்றுவிடும், டர்பைன் வீட்டின் சூடு நிற்காது. அந்தச் சூடு பேரிங்கில் தேங்கிய ஆயிலைக் கரியாக்கும். கரி, ஆயில் வரும் மெல்லிய குழாயை மெல்ல அடைக்கும். பிறகு ஒரு நாள் தண்டு ஆட்டம் கொடுக்கும், நீலப்புகை வரும். அந்த டர்போவைக் கழற்றி, கோவைக்குக் கொண்டுபோய், தண்டும் பேரிங்கும் அடங்கிய நடுப்பகுதியான கோரைப் புதிதாகப் போட்டு வந்து, அடைத்த குழாயை அப்படியே விட்டுப் பூட்டினால் புதியதும் சாகும். டர்போவை மாற்றும்போது ஆயில் குழாயையும் மாற்றுங்கள், ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள், உடைந்த பழைய சக்கரத்தின் துணுக்கு இன்டர்கூலரில் கிடக்கிறதா என்று பாருங்கள். ஏறி முடித்தபின் ஒரு நிமிடம் ஐட்லிங்கில் விடுவது பழைய பழக்கம், இன்றைக்கும் பொருந்தும்.

இழுவை கூடினால் அடுத்து அடி வாங்குவது கிளட்ச். வளைவில் நின்று லோடோடு புறப்படும் வண்டியில் கிளட்ச் பிளேட் வழுக்கும் வாசனையை மலைப்பாதை தெரிந்தவர்கள் அறிவார்கள்.

நான் இதுவரை ஏற்றத்தையே பேசினேன். ஆனால் அரவேணுப் பக்கத்து வண்டிகளின் கனமான லோடு பெரும்பாலும் இறங்கும் திசையில்தான் போகிறது. கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், உருளைக்கிழங்கு எல்லாம் மேட்டுப்பாளையம் மண்டிகளுக்குக் கீழே போகின்றன. 3 டன் வண்டி 1,450 மீட்டர் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 43 மெகாஜூல் அளவு. இருபது டிகிரித் தண்ணீர் 125 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். டயரின் உராய்வு கால் பங்கை வாங்கிக்கொண்டாலும் மீதி இன்ஜின் பிரேக்கிலோ சக்கரத்தின் பிரேக்கிலோதான் கரைந்தாக வேண்டும். டீசல் இன்ஜினில் த்ராட்டில் இல்லாததால், மிதியை விட்டாலும் அது பெட்ரோல் இன்ஜின் அளவுக்குப் பின்னிழுக்காது. ஏறும் கியரிலேயே இறங்கு என்று மலைக்காரர்கள் சொல்வது இதற்காகத்தான். வி.ஜி.டி.யும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் உள்ள வண்டிகளில் புகை வெளியேறும் வழியைக் குறுக்கி இன்ஜினையே தடையாக்கலாம். மற்ற வண்டிகளுக்குக் கியரும் பிரேக்கும் மட்டுமே.

பிரேக் திரவம் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கலாம். டாட் 4-க்கு அவை 230-உம் 155-உம். மழையும் மூடுபனியும் நீளும் நீலகிரியில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுவதற்கு ஆகும் செலவு ஒரு டர்போவின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது. டர்போவுக்கென்று ஒதுக்கிய பணத்தில் முதல் பங்கை நான் பிரேக் திரவத்துக்கும் பிரேக் லைனருக்கும் எடுப்பேன். அடுத்த பங்கு ஹோஸுக்கும் இன்டர்கூலருக்கும் ரேடியேட்டருக்கும். மிச்சமிருந்தால், வண்டியோடு வந்த அதே எண்ணுள்ள டர்போவுக்கு.